வேங்கை மர ஆக்சில்

கல்லூரிப் பட்டறையில் எங்கள் பந்தயக் காரின் ஆக்சில் உடைந்ததும், "அடுத்தத தேக்குல செஞ்சிருவோம், வெயிட்டும் கம்மி" என்றான் நண்பன். எல்லோரும் சிரித்தோம். பாதிச் சிரிப்பிலேயே எனக்குக் கியர் ஆயிலும் மலைவாழைப் பழமும் கலந்த வாசனை வந்துவிட்டது. அது அப்பாவின் ஜீப் வாசனை.

அப்பா சிறுமலைக்கு ஜீப் ஓட்டினார். பஸ் குறைவு என்பதால் வாழைத்தார்களுக்கு நடுவே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும். நானும் கூடப் போன ஒருநாள், கொண்டை ஊசி வளைவில் பின் ஆக்சில் முறிந்து, ஜீப் பின்னோக்கி உருண்டு மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை.

கீழே இறங்கிய மிளகு வியாபாரி ஒருவர், "என்ன மாப்ள, ஆக்சில வேங்கை மரத்துல செதுக்கிப் போட்டியா?" என்றார். பயந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது.

"ஆமா மாமா, நம்ம மலை மரந்தானே, ஏமாத்தாதுன்னு நெனச்சேன்" என்று அப்பாவும் சிரித்தார்.

அப்பாவைக் கேலி செய்வது எனக்குப் பொறுக்கவில்லை. "மரமெல்லாம் இல்ல! போன வாரம் ஒடஞ்சதத்தான் எங்கப்பா வெல்டிங் வச்சு மாட்டுனாரு. நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

சிரிப்பு நின்றது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு அக்கா அப்பாவையே பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. சக்கரத்தருகே குந்தியவர் நிமிராமலே சொன்னார்: "மரம்னே விட்ருக்கலாம்ல, பாப்பா."

பட்டறையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நீ என்ன மரம் சொல்ற?" என்றான் நண்பன். நான் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.