பருந்துகள் எழும்பும் முன்

எங்கள் பக்கத்தில் பிணந்தின்னிக் கழுகு இல்லை. அந்த வேலையையும் பருந்துகளே பார்க்கின்றன. வயல் வட்டையிலோ வாவிக்கரையிலோ மாடு ஒன்று விழுந்துவிட்டால், அதற்கு மேலே வட்டம் போட வந்துவிடுவார்கள் இந்தத் துரைமார். அதனால் காணாமற்போன மாட்டைத் தேடுகிறவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

போன மாசியில் ஒரு மாலை என் பசு வீடு திரும்பவில்லை. நிறைசினை வேறு. என் வீட்டுக்காரர் இறந்து, மகளும் கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு, என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற உயிர் அது ஒன்றுதான். விடிந்தும் விடியாமலும் மண்டூர் வாவிக்கரைக்குப் போனேன். சேற்றில் புதைந்திருக்குமோ என்று கரை நெடுகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கரையோரம் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் தோணியில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு பருந்தும் வட்டம் போடல்ல மாமி. மாடு உசிரோடதான் இரிக்கும். பயப்பிடாதீங்க."

"ஓம் தம்பி," என்றேன். எனக்கும் அப்படி நம்பத்தான் விருப்பம். அந்த ஆறுதலோடு கொஞ்சத் தூரம் நடந்தபிறகுதான் பட்டுப்போன பனை ஒன்றைக் கண்டேன். பருந்துகள் எல்லாம் அங்கேதான் குந்தியிருந்தன, பனியில் நனைந்த சிறகை விரித்துக்கொண்டு. நிலம் சூடாகும்வரை அவை எழும்பப்போவதில்லை. அதற்குள் வெறும் வானத்தைப் பார்த்து நாங்கள் நல்ல செய்தி சொல்லிக்கொண்டோம்.

அவற்றோடு நானும் வெயிலுக்குக் காத்திருந்தேன். எனக்கு வேறு துணை இல்லை. வெயில் ஏறியதும் ஒன்று எழும்பியது. பின்னால் மற்றவை. கரைச் சதுப்பில் அடர்ந்திருந்த கண்ணாப் பற்றைக்கு மேலே போய் வட்டம் போட்டன. நான் பனையடியிலேயே நின்றேன். போய்ப் பார்க்காதவரை அது சாகவில்லைதானே என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் போனேன். பசு நின்றுகொண்டிருந்தது. காலடியில் ஈரம் காயாத கன்று. பருந்துகள் வந்தது, கன்று பிறந்தபின் விழுந்து புல்லில் கிடந்த நஞ்சுக்கொடிக்கு, எங்கள் பேச்சில் இளங்கொடிக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் உயரக் கட்டவேண்டும். பறவை தின்றால் பால் குறையும் என்பார்கள். மரத்தில் ஏறுவது எப்போதும் என் வீட்டுக்காரரின் வேலை. நான் கன்றைத் தள்ளித் தள்ளி நடத்தினேன். பசு பின்னால் வந்தது.

"எடுங்க," என்றேன் பருந்துகளிடம். பால் குறைந்தால் குறையட்டும். குடிக்க நான் ஒருத்திதானே.