அம்மாவின் முகம் மட்டும்

படம் வரையும்போது எனக்கு ப்ளூஸ் என்னும் அமெரிக்கச் சோகப் பாட்டு ஓட வேண்டும். இன்று அரியலூர் வீட்டில் எங்கள் குடும்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பாடியவளின் கரகரத்த குரல், முன்பு நாங்கள் ஜெயங்கொண்டத்தில் இருந்தபோது முந்திரி உடைத்தபடி அம்மா முனகும் பாட்டைப் போலவே இழுத்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாதம் ஒருமுறை அம்மா எனக்குத் தலைவாரிப் பூ வைத்து, என்னை அப்பாவோடு பஸ் ஏற்றிவிடுவாள். ஆண்டிமடத்தில் ஒரு வீட்டுக்குப் போவோம். அங்கே ஒரு பையன் ஓடிவந்து என் அப்பாவை "அப்பா" என்று கட்டிக்கொள்வான். அவன் அம்மா வைத்த மீன்குழம்பு மணக்கும், நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா. தாங்க மாட்டா" என்பார் அப்பா.

நான் சொல்லவில்லை. அம்மாவைப் பார்க்கவே கூசி, அவள் பக்கத்தில் படுப்பதையும் நிறுத்தினேன்.

அப்பா இறந்த வருஷம் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. நீ கூட இருந்தா அங்க தங்காம வூடு திரும்பிடுவாருன்னுதான் உன்னய அனுப்பினேன்."

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா இன்று படத்தின் முன் நின்றாள்.

"என் மூஞ்சி மட்டும் ஏன் வெறுமையா கெடக்கு?"

"ஒண்ணும் தெரியாதுன்னு நான் நெனச்ச மூஞ்சியா, எல்லாம் தெரிஞ்சு என்ன அனுப்பின மூஞ்சியா, எத வரையறதுன்னு தெரியலம்மா."

அவள் அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.