காதர் பாய் கடையில் இரண்டு பரோட்டா

வேலையில் இருந்தவரை என் வார்டுக்குள் நான் டீ கூடக் குடிக்க மாட்டேன். மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் அது. இன்றைக்கு ஒரு கடையில் வடையை வாங்கித் தின்றுவிட்டு, நாளைக்கு அதே கடையில் போய் "எண்ணெயை மாத்துங்க" என்று எந்த வாயால் சொல்வது? புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை அந்தச் சட்டத்தை மீறினேன். அதுவும் தெருவே பார்க்கும்படி.

சிம்மக்கல் பக்கம் ஒரு தெருவில் வாந்தி பேதி என்று காலையில் போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், காதர் பாயின் பரோட்டாக் கடை வாசலில் கூட்டம். நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார் மாரிச்சாமி. வெங்காய மண்டியில் வேலை பார்ப்பவர். அவருடைய மகளுக்கு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தாளு கடைப் பரோட்டாவத்தேன் சார் தின்னுச்சு. இப்பக் கண்ணு சொருகிக் கெடக்கு. கடைக்கு சீல் வையுங்க, இல்லாட்டி நாங்களே அடிச்சு நொறுக்கிருவோம்!"

தெருவில் இன்னும் பல வீடுகளில் இதே நிலைமை. பாய் கல்லாவை விட்டு எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "வாப்பா காலத்துக் கடை சார். எம்புள்ளைகளும் இதத்தேன் திங்குதுக" என்றார்.

உள்ளே போய் டிரம்மில் இருந்த தண்ணீரில், குளோரின் இருக்கிறதா என்று காட்டும் ஓ.டி. டெஸ்ட் பார்த்தேன். கண்ணாடிக் குழலில் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுவிட வேண்டும். குளோரின் அளவாக இருந்தால் இளமஞ்சள் வரும், இல்லாவிட்டால் நிறமே மாறாது. எனக்கு வந்ததோ அப்பட்டமான ஆரஞ்சு. அதாவது, குளோரின் எக்கச்சக்கம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்ன பாய், எதை மறைக்கிறதுக்கு இதைக் கொட்டுனீங்க?"

"நீங்க வாரீகன்னு சொன்னாக சார். பயத்துல பிளீச்சிங் பவுடர அள்ளிப் போட்டுப்புட்டேன்."

நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் சாக்கடை ஓரம் கோலம் மாதிரி பவுடரைத் தூவி வைப்பது ஊர் வழக்கம். பார்த்துச் சிரித்துக்கொண்டே போவோம். புழங்குகிற தண்ணீரில் கொட்டிய மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தண்ணீர் முன்பு எப்படி இருந்தது என்று இனி எந்த லேபும் சொல்ல முடியாது. தன்னைக் காப்பாற்றக்கூடிய சாட்சியைத் தானே கெடுத்துவிட்டு நிற்கிறார்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹெல்த் ஆபீசர் மேடத்துக்குப் போன் போட்டேன். "அடுப்பை அணைக்கச் சொல்லுங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள வேற காரணம் கிடைக்கலைன்னா சீல் வச்சிடுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வாந்தி பேதி என்று சீல் வைத்த சாப்பாட்டுக் கடை, திரும்பத் திறந்தாலும் ஓடாது. அது பாய்க்கும் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார்.

துப்புரவு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி பாண்டியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். கடைசி வீட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா சுருண்டு படுத்திருந்தார். அவருக்கும் பேதி.

"பரோட்டா சாப்பிட்டீங்களாம்மா?"

"பரோட்டாவா? நான் சுத்த சைவம் சார்! அந்தக் கடைப் பக்கமே தலை வச்சுப் படுத்ததில்ல" என்று படுத்தவாக்கிலேயே எரிந்து விழுந்தார்.

அப்பாடா! யாரிடமோ திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். நேரே தெருமுக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கிருப்பவர்கள் தினமும் பாய் கடையில்தான் சாப்பிடுகிறவர்கள். "எங்களுக்கு என்னண்ணே கேடு? கல்லு மாதிரி இருக்கோம்" என்றார்கள். அப்படியானால் காரணம் கடை இல்லை. குழாய்த் தண்ணீர்தான்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர் விடுகிற நேரத்தில் போய் நின்றேன். தெருமுனைக் குழாயில் நல்ல மஞ்சள். மாரிச்சாமி வீட்டுக் குழாயில் நிறமே மாறவில்லை. முகர்ந்து பார்த்தால் ஒரே கெட்ட வாடை. உள்ளே கொர்ரென்று ஒரு சத்தம்.

"என்னாங்க அது?"

"எல்லா வீட்லயும் இருக்குற மோட்டார்தேன் சார். இல்லாட்டி எங்கிட்டுத் தண்ணி ஏறும்?"

மாநகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சக் கூடாது என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மோட்டார் இழுக்கிற இழுப்பில், பைப்பில் ஓட்டை இருந்தால் வெளியே கிடப்பதும் உள்ளே வந்துவிடும். பாண்டி வாசலில் சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பினார். அந்த வரிசை வீடுகளுக்குப் போகிற பைப் சாக்கடைக்குள் முங்கிக் கிடந்தது. துருப்பிடித்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"மாப்ள, ஒம்மோட்டாரு சாக்கடையையில்ல உறிஞ்சிருக்கு!" என்றார் பாண்டி.

மாரிச்சாமி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "நானே எம்புள்ளைக்கு மோந்து குடுத்திருக்கேனே சார்..." அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

தெருவே உறிஞ்சிக்கொண்டதால், மோட்டார் வைக்காத பாய் கடைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. அவர் லாரித் தண்ணீர்தான் வாங்கிப் புழங்கினார். தெரு அவருக்குச் செய்த அநியாயமே கடைசியில் அவரைக் காப்பாற்றியிருந்தது.

மதியத்துக்குள் மேடத்துக்குச் சொல்லிவிட்டேன்; சீல் வைப்பது நின்றது. பழைய பைப்பைப் பிடுங்கிப் புது பைப் போட்டார்கள். மோட்டார்களைக் கழற்ற வைத்தோம். மாரிச்சாமியின் மகளும் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். மேடமும், "கடையைத் திறக்கச் சொல்லுங்க" என்றார். டிரம்மைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றி, அன்று சாயங்காலமே பாய் அடுப்பைப் பற்றவைத்தார். சால்னா வாசம் தெரு முழுக்க அடித்தது. கடையில் ஈ காக்கா இல்லை. எல்லோரும் எதிர் ஓரமாகவே நடந்து போனார்கள்.

கடையை மூடச் சொல்லி ஒட்ட என்னிடம் நோட்டீஸ் உண்டு. கடை சுத்தமாக இருக்கிறது, வந்து சாப்பிடுங்கள் என்று ஒட்ட என்னிடம் எதுவும் கிடையாது. பேசாமல் போய் வாசல் மேசையில் உட்கார்ந்தேன்.

"பாய், ரெண்டு பரோட்டா."

பாய் திகைத்துப்போனார். "சார், நீங்க டீயே குடிக்க மாட்டீகளே!"

"இன்னைக்குப் பசிக்குது. சால்னாவை நிறைய ஊத்துங்க. காசு வாங்க மாட்டேன்னு சொன்னா சீல் வச்சிருவேன்."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு பரோட்டாக் கல்லுக்குப் போனார். தெரு நின்று வேடிக்கை பார்த்தது. நான் நிதானமாகப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டேன். முதலில் ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாரிச்சாமி வந்து வாசலில் தயங்கி நின்றார்.

"பாய்... எடம் இருக்கா?"

பாய் கல்லை விட்டு வந்து, என் எதிரே இருந்த பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டார். "வாங்க மாப்ள, உக்காருங்க. பாப்பா எப்புடி இருக்கு?"

"இட்டிலி திங்கிது பாய்" என்று சொல்லிவிட்டு, மாரிச்சாமி என் எதிரே உட்கார்ந்து, பாய் போட்ட இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என் வார்டில் நான் டீ குடித்ததில்லை. நீங்களும் குடிக்காதீர்கள். ஆனால் நாம் சந்தேகப்பட்டு அடுப்பை அணைத்த கடைமேல் தப்பில்லை என்று தெரிந்தால், அங்கே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதுவும் நம் டியூட்டிதான்.