டெர்வ்லா வாங்கிய திட்டு

எங்கள் சாலையில் ஏழு வீடுகள். அக்டோபரில் மலையிலிருந்து செம்மறிகளை இறக்கும் நாளன்று வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும். காய்ச்சல், கல்யாணம் என்ற சாக்கெல்லாம் செல்லாது. வராத வீட்டைப் பற்றி மார்ச் மாதம் வரை பேச்சு ஓயாது. போன வருடம் வீடுகள் எட்டாயின. பூட்டிக் கிடந்த தாய்மாமன் வீட்டைத் திறந்து டெர்வ்லா தனியாகக் குடி வந்தாள். அங்கேதான் வந்தது வம்பு.

டெர்வ்லாவுக்கு முப்பத்து நான்கு வயது. பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி பசை போல ஒட்டிக்கொள்ளும், தின்ற கொழுப்பு செரிக்காது, வேர்வை உப்பாய்க் கரிக்கும். எங்கள் மேயோ மாவட்டத்தில் ஊருக்கு ஒருவருக்காவது உண்டு. குழந்தை நெற்றியில் முத்தம் கொடுத்த அவள் அம்மா அட்ராக்டா, நாக்கில் உப்புத் தட்டியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இருபது வயதைப் பார்ப்பாளா என்பதே சந்தேகம் என்றார்கள். அன்றிலிருந்து ஊரே அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிதான் கையாண்டது. கணக்கைத் தப்பாகப் போட்டாலும் டீச்சர் சரி என்று குறித்தாள். நானே அவளிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் நாக்கு எப்படிப்பட்டது என்று என் புருஷனைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் புது மாத்திரை வந்தது. மாதா கோவிலின் பின்வரிசை வரைக்கும் கேட்ட இருமல் ஒரே மாதத்தில் நின்றுபோனது. நுரையீரல் வேலை செய்யும் கணக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்றிலிருந்து அறுபத்தாறுக்கு ஏறியது. "இனிமே நான் என் வீட்டுல இருக்கப் போறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். அம்மா வீட்டிலிருந்து இருநூறு கஜம்தான். அட்ராக்டா அழுத அழுகைக்கு அமெரிக்கா போகிறாளோ என்று நினைக்க வேண்டும்.

புகை ஆகாது என்பதால் அவள் கணப்பு மூட்டுவதில்லை. எங்கள் ஊரில் காலையில் புகை வராத வீடு என்றால் உள்ளே இருக்கிறவர் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். முதல் வாரம் தினமும் நாலு பேர் போன் போட்டோம். "உசுரோடதான் இருக்கேன், போனை வைங்க, மூக்குல ஆவிக் குழாய் மாட்டியிருக்கேன்!" என்று கத்தினாள். பிறகு ஏழு மணிக்கு ஜன்னல் திரையைத் தூக்கிவிடுகிறேன் என்று ஒப்பந்தம் ஆயிற்று. மிருக வைத்தியரின் போன்களை வீட்டிலிருந்தே எடுக்கும் வேலை அவளுக்கு. யார் பசு எப்போது கன்று போடும் என்று சொந்தக்காரனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோவில் வாசலில் ஃபெஸ்டி ஆட்களை நிறுத்தும் இடங்களைச் சொன்னான். எழுபது வயது. மலை இறக்கத்துக்கு அவன்தான் தலைவன், அவன் வாய்க்கு நாய்களே பயப்படும். டெர்வ்லா நேராகப் போய் நின்றாள்.

"நான் எங்க நிக்கணும்?"

"நீ எதுக்கு, கண்ணு? உங்க அண்ணன் கோலி ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வர்றான்."

"அவன் அவன் வீட்டுக்கு வரட்டும். என் வீட்டுக்கு யாரு? இல்ல, என் வீடு வீடே இல்லையா?"

அட்ராக்டா முறைத்த முறைப்பில் ஃபெஸ்டி தொப்பியைக் கழற்றி மாட்டினான். கடைசியில், "ஓடைக்கு மேல நில்லு, கண்ணு. முடியலேன்னா உக்காந்துக்கோ" என்றான்.

ஆடு இறக்கும் நாளன்று அவள் ஐந்து மணிக்கே எழுந்து ஆவி பிடித்து, சளி எடுத்து, ஏழரைக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் மலையடிக் கேட்டில் நின்றாள். பக்கத்து இடம் எனக்கு. மேலே ஏறினோம். நான் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், அவள் மூன்று இடத்தில்! ஓடைக்கு மேல் போனதும் வெண்ணெய் அப்பிய ரொட்டியை எடுத்தாள். செரிமான மாத்திரைகளை மிட்டாய் போல வாயில் போட்டுக்கொண்டு, "வா, வா, எங்க இருக்கீங்க எல்லாம்!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். எனக்கே உடம்பெல்லாம் துள்ளியது.

உச்சியிலிருந்து விசில் கேட்டது. முந்நூறு ஆடுகள் வெள்ளமாய் இறங்கின. கோலி ஓட, நாய்கள் வளைக்க, நாங்கள் கையை விரித்து வரிசையை இறுக்கினோம். அந்த நேரம் பார்த்து டெர்வ்லா திரும்பிக் கீழே பார்த்தாள். "ஐயோ, என் வீட்டுக் கூரையைப் பாரேன்! அது என் ஜன்னல்!" என்று என்னைக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அடிவாரத்தில் காருக்குள் உட்கார்ந்து பார்த்தவள், மேலிருந்து தன் ஊரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நானும் மடச்சி, சேர்ந்து பார்த்தேன். ஒரு கிழட்டு ஆடு அவள் முதுகுக்குப் பின்னால் நழுவியது. அதன் பின்னால் நாற்பது. ஒன்றரை மணி நேர உழைப்பு மறுபடி மலைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அடியே!"

மலை முழுக்க எதிரொலித்தது. ஃபெஸ்டி தடியை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தான். "எருமை! வேடிக்கை பாக்கவா வந்த? ஆடு காலுக்குள்ள பூந்து போகுது, அம்மணி வீட்டு ஓட்டை எண்ணிக்கிட்டு நிக்கிறா! இதுக்கு ஒரு கழியை நட்டு வச்சிருக்கலாம், அதாவது அசையாம நின்னிருக்கும்!"

கோலி ஓடி வந்தான். "ஃபெஸ்டி, அவளைப் போய்… அவளுக்கு உடம்பு…"

"உடம்புக்கென்ன? கண்ணுதானே வேணும் ஆடு பாக்க!"

டெர்வ்லாவின் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு மேலே ஏறினாள், அந்த நாற்பது ஆடுகளின் பின்னால். நின்று நின்று ஏறினாள். கோலி துணைக்குப் போனதற்கு அவனுக்கும் ஒரு திட்டு விழுந்தது, இந்த முறை அவளிடமிருந்து. ஒரு மணி நேரம் கழித்து இருவரும் ஆடுகளோடு இறங்கினார்கள். வேர்வை காய்ந்து அவள் நெற்றி முழுக்க வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

அதற்குள் யாரோ போன் போட்டு, அட்ராக்டா பட்டிக்கு வந்து காத்திருந்தாள். "எம் பொண்ணை எருமைன்னியாமே?" என்று ஃபெஸ்டியின் சட்டையைப் பிடிக்கப் போனாள்.

"ஆமாம்மா! எருமைன்னான்!" டெர்வ்லா வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கச் சிரித்தாள். "கோலியை எப்பவும் கழுதைன்னுதான் சொல்லுவான், எனக்கு எருமை! மலை முழுக்கக் கேட்டுச்சும்மா!"

ஃபெஸ்டி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சிரிக்கிறியா? அடுத்த வருஷமும் இப்படி நின்னியோ, நாயோட சேர்த்துக் கட்டிடுவேன், பாத்துக்க."

அட்ராக்டாவின் கை அப்படியே நின்றது. முப்பத்து நான்கு வருடமாக அந்த வீட்டில் யாரும் டெர்வ்லாவை வைத்து அடுத்த வருடம் என்று பேசியதில்லை. எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு; கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பேசுவோம். அட்ராக்டா மகளின் சிவந்த முகத்தைப் பார்த்தாள், பிறகு ஃபெஸ்டியை.

"ஓடைக்கு மேல வேண்டாம், அங்கேருந்து வீடு தெரியுது, இவ வேடிக்கை பாப்பா" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அடுத்த வருஷம் இவளை உச்சியில நிறுத்து."