மொன்றியல்: சனியன்று ஹாக்கி, ஞாயிறன்று விருந்தாளி

பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கியை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். 2007 பிப்ரவரியில் நான் மொன்றியல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம். கோயம்புத்தூரில் பள்ளி நாட்களில் புல்தரை ஹாக்கி ஆடியவள் நான். டொரன்டோவுக்கு ஐ.டி. வேலைக்கு வந்து அது முதல் குளிர்காலம். உடன் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ரமணன், "பாக்கிறதெண்டா மொன்றியலிலை பாருங்கோ" என்று சொல்லி, அங்கிருந்த தன் அக்கா செல்வியின் வீட்டிலேயே தங்க ஏற்பாடும் செய்துவிட்டான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேருந்து. 540 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே வயல் எது, உறைந்த ஆறு எது என்று பிரித்தறிய முடியவில்லை. கண் அசந்து விழித்தாலும் அதே வெண்மைதான். பாதி வழியில் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

மொன்றியலில் இறங்கி, மெட்ரோவில் அஹுன்ட்சிக் என்ற பகுதிக்கு. ஆரஞ்சுத் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் செல்வி அக்கா காத்திருந்தார். அவருடைய கணவர் குகன் அண்ணாவுக்குத் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் வேலை. உள்ளூர் அணி என்றால் அவருக்கு உயிர். ஆளுக்கு இருபத்தைந்து டாலரில் இரண்டு டிக்கெட் முன்பே வாங்கி வைத்திருந்தார்.

அன்று மாலை அரங்கத்தில் எங்களுக்கு மேல்தட்டுக் கடைசி வரிசை. கீழே பனித்தளம் பால் ஊற்றியதுபோல் மின்னியது. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் யாரும் ஓடுவதாகத் தெரியவில்லை, மிதக்கிறார்கள். நான் அந்த மயக்கத்திலேயே இருந்தேன். குகன் அண்ணாதான் ஒருவனைக் காட்டினார். "உந்த நெட்டையன் மாரெக். ஸ்லோவாக்கியாக்காரன். பதினெட்டு வயசிலை முதல் சுற்றிலை எடுத்தவங்கள். ரெண்டு வருஷமாச்சு, ஒண்டையும் காணேல்லை."

ஆண்டுதோறும் கோடையில் அணிகள் முறைவைத்துப் பதினெட்டு வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவனிடம் ஊரே அற்புதத்தை எதிர்பார்க்கும். அன்று மாரெக் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தான். கடைசிப் பகுதியில் இறக்கினார்கள். ரப்பர் வட்டு அவன் மட்டைக்கு வந்ததும் குனிந்து பார்த்தான். அந்த ஒரு கணத்தில் எதிரணிக்காரன் இடித்துப் பறித்துக்கொண்டுபோய் கோல் அடித்துவிட்டான். அரங்கம் முழுவதும் "ஊ" என்று கேலியாகக் கத்தியது. குகன் அண்ணா கையைக் குவித்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

மறுநாள் காலை செல்வி அக்கா இடியப்பம் அவித்தபடி சொன்னார், "மத்தியானம் என்ரை பிரெஞ்சு வகுப்புப் பெடியன் ஒருத்தன் சாப்பிட வாறான், கவிதா. இங்கிலீசும் அரைகுறை. ஐஸிலை வேலையாம். தனிய இருக்கிறான், பாவம்." தேவாலய மண்டபம் ஒன்றில் தொண்டர்கள் நடத்தும் வகுப்பு அது. ஐஸ் தளத்தைத் துடைக்கும் வண்டி ஓட்டுபவன் என்று அக்கா நினைத்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. குகன் அண்ணா போய்த் திறந்தார். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து, கேக் பெட்டியுடன் நின்றவன் மாரெக்.

"போன்ஜூர்" என்றான். குகன் அண்ணா கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு வழிவிட்டார்.

இடியப்பத்தை எப்படிப் பிசைவது என்று அக்கா காட்டிக்கொடுத்தார். அவன் தேங்காய்ப்பால் சொதியை மூன்று முறை வாங்கிக்கொண்டான். குகன் அண்ணா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார், நேற்று நாங்கள் அரங்கத்தில் இருந்தோம் என்று.

மாரெக் நிமிர்ந்தான். "நீங்களும் கத்தினீர்களா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது அவருக்கு. பிறகு, "நல்லாக் கத்திப்போட்டன்" என்று அக்காவிடம் முணுமுணுத்தார்.

மாரெக் கோபப்படவில்லை. தேடித் தேடி வார்த்தை எடுத்துப் பேசினான். ஊரில் எட்டு வயதிலிருந்தே வட்டு தன்னிடம்தான் வருமாம். யோசித்து ஆடியதே இல்லை. இங்கே முப்பது வயது ஆண்களோடு இடிக்க வேண்டும். அவர்கள் உடம்பு வேறு. ஓர் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. "அந்த ஐந்து நிமிடமும் தவறு செய்யக்கூடாது என்றே நினைக்கிறேன். அதை நினைத்து முடிப்பதற்குள் ஒருவன் வந்து இடித்துவிடுகிறான்." ஆட்டம் முடிந்தால் அடுக்குமாடி வீட்டில் தனிமை. துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கவே தெரியாமல் ஒரு மாதம் புதுச் சட்டைகளாக வாங்கியிருக்கிறான். பேச்சுக்கு ஆள் தேடித்தான் பிரெஞ்சு வகுப்புக்கு வந்திருக்கிறான்.

"உண்மையிலை இருபது வயசுதானே" என்றார் செல்வி அக்கா. அப்போதுதான் எனக்கும் அது உறைத்தது.

சாப்பிட்டபின் பக்கத்துப் பூங்காவுக்கு நடந்தோம். அங்கே திறந்தவெளியில் ஒரு பனித்தளம் உண்டு, அனுமதி இலவசம். மாரெக் காரிலிருந்து தன் சறுக்குக் காலணியை எடுத்துவந்தான். மெல்லிய பனி தூவிக்கொண்டிருந்தது. அவன் தளத்தில் இறங்கினான். மட்டையும் இல்லை, வட்டும் இல்லை. முதல் சுற்று மெதுவாக. அடுத்த சுற்றில் சாய்ந்தான், தோள் தரையைத் தொட்டுவிடும்போல. இரும்பு பனியைக் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்புறமாகச் சறுக்கிக்கொண்டே, கண்ணை மூடி முகத்தில் பனியை வாங்கினான். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. என் விரல்கள் மரத்ததைக்கூட வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன்.

தளத்தை விட்டு வெளியே வந்தவன் சொன்னான், "நாளைக்குப் பயிற்சியாளரிடம் கேட்கப்போகிறேன். என்னை இரண்டாம் நிலை அணிக்கு அனுப்பச் சொல்லி."

குகன் அண்ணா பதறிப்போனார். "அது கீழை இறங்கிற மாதிரியெல்லே? பேப்பர்க்காரர் விடமாட்டாங்கள்."

நான் மொழிபெயர்த்தேன். மாரெக் காலணி நாடாவை அவிழ்த்தபடி, "எழுதட்டும். அங்கே என்னை ஆட விடுவார்கள்" என்றான்.

அனுப்பினார்கள். ஒன்டாரியோவில் ஓர் ஏரிக்கரை நகரம். டொரன்டோவிலிருந்து ஒரு மணி நேரம்தான். மார்ச் மாதம் நான் அங்கே ஆட்டம் பார்க்கப் போவதாக இருந்தபோது குகன் அண்ணா போன் செய்தார். "நாங்களும் வாறம். ரெண்டு பேரும்." ஆறு மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டி வந்தார்கள். பாதி இருக்கைகள் காலி. மாரெக் ஆட்டத்தில் பாதி நேரம் தளத்திலேயே இருந்தான். ஒரு முறை அதேபோல் வட்டைப் பறிகொடுத்தான். இந்த முறை விரட்டிப்போய் மீட்டு, தலை நிமிர்த்தி, பக்கத்தில் வந்தவனுக்குத் தள்ளினான். கோல் விழவில்லை. குகன் அண்ணா எழுந்து நின்று கைதட்டினார். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எதற்கு என்று புரியாமல் திரும்பிப் பார்த்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மொன்றியலில் சனிக்கிழமை ஆட்ட டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே வாங்குங்கள். பிப்ரவரியில் சாதாரணச் செருப்போ ஷூவோ உதவாது. இரண்டு ஜோடிக் காலுறை, காது மூடும் குல்லாய் கட்டாயம். கடைக்காரரிடம் முதலில் "போன்ஜூர்" சொல்லிவிட்டு ஆங்கிலம் பேசினால் முகம் மலரும்.

பெரிய அரங்கத்தை ஒருமுறை பாருங்கள், அழகு அது. ஆனால் ஓர் ஆட்டக்காரன் எப்படி உருவாகிறான் என்று தெரிய வேண்டுமானால், சிறு நகரத்து அரங்கம் ஒன்றில் கண்ணாடித் தடுப்பை ஒட்டி உட்காருங்கள். இருபது வயதுக்காரன் ஒருவன் மூச்சு வாங்கியபடி உங்களுக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்பான். மேல்தட்டுக் கடைசி வரிசையிலிருந்து எனக்கு அந்த முகம் தெரிந்திருக்கவில்லை.