தங்கதுரை வேலைக்குப் போயிருக்கிறார்

அந்தக் கடிதம் 2025 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை வந்தது. பெறுநர் தங்கதுரை. குடியுரிமை மனு மீதான விசாரணைக்கு ஜூலை 8 காலை பதினோரு மணிக்குக் குடும்பத்துடன் நேரில் வர வேண்டும் என்று அதில் இருந்தது. வாங்கிக்கொண்டவள் அவர் மனைவி வீரலட்சுமி. தங்கதுரை இறந்து அன்றோடு ஆறு ஆண்டு மூன்று மாதம் இருபத்தொரு நாள்.

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் வழியில், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாமில், அறுபத்திரண்டாம் எண் வீடு அவர்களுடையது. தங்கதுரையின் தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். பேரன் 1990இல் கலவரத்துக்குப் பயந்து திரும்பி வந்தார். தாத்தாவின் ஊரையும், வேலைக்குச் சேர்த்தபோது தோட்டத்தில் அவருக்குக் கொடுத்த துண்டுச் சீட்டையும் ஆதாரமாகக் காட்டி, 2011 ஆகஸ்ட் 17 அன்று குடியுரிமை கேட்டு மனுப் போட்டார். மனுவில் மூன்று பெயர்கள்: தானும் மனைவியும், அப்போது பதின்மூன்று வயதான மகள் மோகனப்ரியாவும்.

முகாமில் மாதம் இருமுறை, ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும், பெயர் கூப்பிடுவார்கள். விடுமுறை வந்தால் மறுநாள். குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்க வேண்டும். தங்கதுரைக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஷிப்ட் இருக்கும் நாளில் அவர் பெயருக்கு வீரலட்சுமிதான் பதில் சொல்வாள்.

"வேலைக்குப் போயிருக்காருங்க."

அதிகாரி ஒரு குறி போட்டுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். பதினொரு வருடம் அப்படித்தான் நடந்தது.

2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் அந்த அறையில் அவர் உயிர் போயிற்று. நெஞ்சுவலி. பதினைந்தாம் தேதி, காரியம்கூட முடியாத நிலையில், வீரலட்சுமி வரிசையில் நின்றாள். தங்கதுரை என்று படித்தார்கள். அவள் வாய் தானாகத் திறந்தது.

"வேலைக்குப் போயிருக்காருங்க."

அதிகாரி குறி போட்டார். அவள் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

ஏப்ரல் 12 அன்று இறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்தாள். ஆனாலும் பெயர் நீங்கவில்லை. கொரோனாவில் விட்டுப்போன ஆறு முறை தவிர, இந்த ஜூலை ஒன்றாம் தேதி வரை நூற்று நாற்பத்துநான்கு முறை அவர் பெயரைப் படித்துவிட்டார்கள். படித்ததற்கும் அவள் "இறந்துட்டாருங்க" என்பதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருக்கும். அந்த நேரத்தில் ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் நடந்து வருவதுபோல இருக்கும் அவளுக்கு. வரிசையில் அவளுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் இடத்தை எல்லாரும் விட்டே நின்றார்கள். யாரும் சொல்லி விட்டதல்ல.

கடிதத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பார்வதிதான் சிரித்தாள். "செத்தவரை ஆபீசுல தேடுறாங்கோ. எங்கூட்டுக்காரன் உசுரோட குந்திக்கினு இருக்கான், ஒரு நாயி தேடல."

ஜூலை 8 அன்று தாயும் மகளும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார்கள். பிரிவு எழுத்தர் கமலக்கண்ணன் கோப்பைப் பிரித்து, பக்கத்தில் ஆஜர் பதிவேட்டை வைத்தார்.

"மூணாந்தேதி செத்தவரு பதினஞ்சாந்தேதி வேலைக்குப் போயிருக்காரு. யாரும்மா சொன்னது?"

"நான்தாங்க."

"அதுக்கு விளக்கம் கேட்டு 2019 ஜூன்லயே கடிதம் போயிருக்குது. திரும்பி வந்திருச்சு. குடும்பத் தலைவர் பேருக்குப் போட்டிருக்காங்க." அவர் உறையைத் திருப்பிக் காட்டினார். 'வேலைக்குப் போயிருக்கிறார்' என்று தபால்காரர் பேனாவில் எழுதியிருந்தார். அந்த மாதம் எந்த வீட்டுக் குழந்தை அவருக்கு அப்படிப் பதில் சொன்னதோ தெரியவில்லை.

"இத்தினி வருசம் ஏங்க ஆச்சு?" என்றாள் மோகனப்ரியா.

"இங்கிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி. போலீஸ் அறிக்கை வந்தா வருவாய் அறிக்கை இருக்காது. அது வர்றதுக்குள்ள போலீஸ் அறிக்கை பழசாயிரும். மறுபடி கேப்பாங்க. உங்களுதுல மூணு தடவை பழசாயிருக்குது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப ரெண்டு வழி இருக்குது. அவரு செத்துட்டாரு, அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு எழுதிக் குடுத்தா பேரை எடுத்துருவோம். மனுப் போட்டவரே இல்லைன்னா இந்தக் கோப்பு மூடிரும். நீங்க ஆளுக்கு ஒண்ணு புதுசாப் போடணும், வரிசையில கடைசியா."

"எழுதிக் குடுக்கலைன்னா?" என்று மகள் கேட்டாள்.

"இன்னிக்கு அவரு வரலைன்னு குறிச்சிடுவேன். அடுத்த விசாரணை வரைக்கும் கோப்பு உசுரோட இருக்கும். 2011 தேதியும் இருக்கும்."

"அடுத்தது எப்பங்க வரும்?"

"இது வர எத்தினி வருசம் ஆச்சு?"

பதினான்கு வருடத்துக்கு நாற்பது நாள் குறைவு.

தாழ்வாரத்துக்கு வந்ததும் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதம்மா. அப்பா பேரு இருந்தா இருந்துட்டுப் போவட்டும். கடைசில போய் நின்னா எனக்கு நாப்பது வயசாயிரும்."

வீரலட்சுமி வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்தாள். மகள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மகளுக்கு இப்போது இருபத்தேழு. பிறந்ததும் வளர்ந்ததும் முகாமில். ஆனால் வரும் பதினைந்தாம் தேதியும் அந்தப் பெயரைப் படிப்பார்கள்.

"மனுசன் இன்னும் எத்தினி நாளைக்கு வேலைக்குப் போய்க்கினே இருப்பாரு, மோகனா? அவருக்கும் களைச்சுப் போயிருக்கும்."

மகள் கையை விட்டாள். "ரெண்டு மனுப் பாரம் வாங்கிக்க," என்றாள்.

வீரலட்சுமி தன் கையாலேயே ஒன்பது வரி எழுதினாள். தேதியை மட்டும் கமலக்கண்ணன் சரிபார்த்தார். புது மனுக்களுக்கு எண் விழுந்தது ஆகஸ்ட் 6, புதன்கிழமை. அவளுக்கு முன்னால் எத்தனை மனு நிற்கிறது என்று கேட்டாள். அதை எண்ணிச் சொல்ல இங்கே வழியில்லை என்றார்.

செப்டம்பர் 1, திங்கள், காலை ஏழரை. வரிசை நின்றது. அறுபத்தொன்றாம் வீடு முடிந்தது. அவள் தங்கதுரை என்ற பெயருக்காகக் காத்து நின்றாள்.

"வீரலட்சுமி."

அவள் இன்னும் காத்திருந்தாள்.

"வீரலட்சுமி. அம்மா, இருக்கீங்களா, வெளிய போயிருக்கீங்கன்னு போட்டுக்கட்டுமா?"

பார்வதி முழங்கையால் இடித்தாள். "இருக்கேங்க," என்றாள் வீரலட்சுமி.

அதிகாரி குறி போட்டு அடுத்த பெயரைப் படித்தார். பார்வதி ஓரடி நகர்ந்து, வீரலட்சுமிக்கு இடப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் வந்து நின்றாள்.