கத்திப் பிடியில் காய்ந்த பசை

“அப்பாவின் மடக்குக் கத்தி. பிடியில் பசை, பசைக்கு அடியில் ஆண்டு” என்று என் நாட்குறிப்பில் சென்ற புதன்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டை அப்பா அந்தப் பிளாஸ்டிக் பிடியில் கீறி வைத்திருந்தார். பிறகு விரிசலை ஒட்டியபோது வழிந்த பசை அதன்மேல் காய்ந்துவிட்டது. அந்த ஆண்டு வேறெங்கும் எழுதப்படவில்லை, அப்பாவும் இல்லை.

கத்தியை மடக்கி, டேப் சுற்றிவிட்டு, பசையைக் கரைக்க மனைவியின் நகப்பூச்சு நீக்கும் திரவத்தை எடுத்தேன். காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும் என்றது புட்டி. எங்கள் எண்ணூரில் அன்று காலையிலிருந்து ஆலைகளின் பக்கமிருந்து கண் எரியும் நெடி. எல்லா ஜன்னல்களையும் அடைத்திருந்தோம்.

“தொறந்தா அந்த நாத்தம், மூடினா இந்த நாத்தம். இன்னாய்யா, வூட்டோட சாவடிக்கப் பாக்குறியா?” என்றாள் மனைவி.

ஒரு சொட்டை மட்டும் பிடியின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கே இளகியது. சட்டென்று துடைத்துப் புட்டியை மூடினேன்.

பிறகு வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, காலாவதியான ஏடிஎம் அட்டையின் விளிம்பால் சுரண்டினேன். மாலைவரை இருவரும் அந்த அறையைவிட்டு நகரவில்லை. மூன்று இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்தன. கடைசி இலக்கம் ஏழு என்கிறாள் மனைவி. எனக்கு ஒன்று போலிருக்கிறது. இன்னும் உறுதியாகவில்லை.